நுழைவது நீதானா?

“அத்தா, கதவைச் சாத்திக்கிட்டுத் தின்னா நோன்புக்கு எப்படித் தெரியும்?”

ரிஹானா ஆறு வயதில் கேட்ட கேள்வி. அவளுக்கு அது முதல் நோன்பு. சாயங்கால அசர் தொழுகை நேரத்தில் துணி அலமாரிக்குப் பின்னால் உட்கார்ந்து இரண்டு பேரீச்சம்பழம் தின்றுவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வந்து, உண்மையான சந்தேகத்தோடு கேட்டாள். அவள் அப்பா இனாயத்துல்லா வயிறு குலுங்கச் சிரித்தார். பள்ளிவாசலில் சொல்லிச் சிரித்தார். தான் கடை வைத்திருக்கும் லத்தா பகுதியில் கடை கடையாகச் சொல்லிச் சிரித்தார். இருபது வருஷமாக யாங்கோன் ஜமாத்துக்குள் அந்தக் கதை சுற்றி வருகிறது.

இந்த வியாழக்கிழமை காலையில் அது அவரிடமே திரும்பி வந்தது. இந்தத் தடவை அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

“அத்தா, செவ்வாக்கிழமை மத்தியானம் ரெண்டு நாப்பதுக்கு வீட்டுல யாரு இருந்தா?”

ரிஹானா கூடத்தின் நடுவில் நின்றாள். கையில் போன். முகம் வெளுத்திருந்தது.

இனாயத்துல்லா மீன்குழம்பு ஊற்றிய மொகிங்கா நூடுல்ஸ் கிண்ணத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. “நான் கடையில…” என்று தொடங்கியவர், அதை முடிக்காமல் ஒரு வாய் அள்ளி வைத்துக்கொண்டார். முடிக்காத வாக்கியம் பொய்யாகாது என்று அவர் மனம் அந்த நேரத்துக்கு ஒரு சட்டம் போட்டுக்கொண்டது.

“ஏன், என்ன களவு போச்சு?” என்று அடுப்படியிலிருந்து ரஹீமா கேட்டாள்.

“யுனிவர்சிட்டியிலேருந்து மெயில் வந்திருக்கு அம்மா. யாரோ வேற ஏதோ நாட்டுல உக்காந்துக்கிட்டு, என் பேருல வி.பி.என்.னுக்குள்ள நுழைஞ்சு, லைப்ரரியிலேருந்து நாலாயிரம் கட்டுரையை அள்ளிட்டுப் போயிருக்காங்க. என் அக்கவுண்டை மூடிட்டாங்க. நாளைக்குள்ள பதில் சொல்லணுமாம். பதில் சரியில்லேன்னா விசாரணைக் கமிட்டி. திங்கக்கிழமை ஆய்வை ஒப்படைக்கணும். எழுதினது பூரா அந்தக் கதவுக்கு உள்ளதான் கிடக்கு.”

“திருடன் நுழைஞ்சா திருடனைப் பிடிக்கச் சொல்லு. ஒன்னை எதுக்குக் கேக்குறாங்க?”

“கேப்பாங்கம்மா. திருடன் கதவைத் தட்டினப்ப, ‘நுழைவது நீதானா’ன்னு என் போன் கேட்டிருக்கு. இங்க உக்காந்து யாரோ ‘ஆம்’னு அழுத்தியிருக்காங்க.”

இனாயத்துல்லா கிண்ணத்துக்குள் இன்னும் கொஞ்சம் குனிந்தார்.

*

இந்த மூன்றாம் மாடி வீட்டில் ஒரு பெயரைச் சொல்லக் கூடாது என்பது எங்கள் தெருவுக்கே தெரியும். மூத்த மகன் வாஜித், பாங்காக்குக்கு வேலைக்குப் போன இடத்தில் வீட்டுக்குச் சொல்லாமல் நிக்காஹ் முடித்துக்கொண்டான். “இனி அவன் முகத்துல விழிக்க மாட்டேன்” என்றார் இனாயத்துல்லா. அந்தச் சொல்லுக்கு இப்போது இரண்டு வயது. வாஜிதுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்து எட்டு மாதம். அதுவும் இந்த வீட்டில் யாரும் பேசாத செய்தி.

ரிஹானாவோ இருந்த இடத்திலிருந்தே வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் பொதுச் சுகாதாரம் படிக்கிறாள். மூன்று மாதத்துக்கு முன் அவள் தன் பழைய மடிக்கணினியில் அந்த வி.பி.என்.னை ஏற்றியபோது, இனாயத்துல்லா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். மின்சாரம் இருக்கும் நான்கு மணி நேரத்துக்குள் எல்லாம் முடிய வேண்டும். பல்கலைக்கழகப் பக்கத்திலிருந்து மென்பொருளை இறக்கும்போது இரண்டு முறை பாதியில் அறுந்தது. மூன்றாம் முறை இறங்கியது. நிறுவினாள். சர்வர் முகவரி கேட்டது, எழுதினாள். மாணவர் எண் கேட்டது, கடவுச்சொல் கேட்டது. அதோடும் விடவில்லை. மேஜைமேல் இருந்த போன் கிர்ரென்று அதிர்ந்து, ‘நுழைவது நீதானா?’ என்று கேட்டது. கீழே ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள்.

“பாஸ்வேர்டுதான் போட்டாச்சே, பொறவு எதுக்கு இம்புட்டு சந்தேகம்?”

“பாஸ்வேர்டை யாரு வேணும்னாலும் திருடிரலாம் அத்தா. போன் என்கிட்டல்ல இருக்கு. அதனால என்னையக் கேட்டுக்குது.”

“சாட்சி கேக்குதுன்னு சொல்லு.”

“ஆமா, சாட்சி” என்று சிரித்துக்கொண்டே அவள் ‘ஆம்’ கட்டத்தைத் தொட்டாள். திரையில் பச்சைப் பூட்டு ஒன்று வந்தது. “இப்ப பாருங்க. நான் இங்க உக்காந்திருக்கேன், ஆனா அந்த லைப்ரரிக்குள்ள உக்காந்த மாதிரி.”

பிறகு அவள் ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்தாள். ஏதோ ஒரு கட்டுரையை இறக்கித் தரச் சொல்லி, படுத்தபடியே அவருக்கு வழி சொல்லிக்கொடுத்தாள். கடவுச்சொல் மறக்காமலிருக்க ஒரு சீட்டில் எழுதிக் கணினியின் அடியில் ஒட்டினாள். ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டிப் படிக்கிற இனாயத்துல்லா அன்று ஒன்றைக் கண்டுபிடித்தார். அந்தப் பச்சைப் பூட்டு விழுந்தால் நூலகம் மட்டுமா திறக்கிறது? அரசாங்கம் தடுத்து வைத்து இந்த ஊரில் திறக்காத பேஸ்புக்கும் திறக்கிறது. ரிஹானாவின் பக்கத்தில் வாஜித் இருக்கிறான். வாஜிதின் மடியில், அவருடைய அம்மாவின் மூக்கை அப்படியே உரித்து வைத்தாற்போல் ஒரு குழந்தை.

வெளியே போகும்போது பெரிய போனை வீட்டில் வைத்துவிட்டு, பட்டன் போனை எடுத்துக்கொண்டு போவதுதான் இப்போது இளசுகளின் வழக்கம். தெருவில் பட்டாளத்துக்காரர்கள் நிறுத்திப் போனைத் திறந்து காட்டச் சொன்னால் யார் பதில் சொல்வது? ரிஹானாவும் அப்படித்தான். செவ்வாயும் வியாழனும் அவள் தாகேதா பகுதியில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லப் போவாள். செவ்வாய் மத்தியானம் ரஹீமாவும் பெண்கள் ஓதும் மஜ்லிசுக்குப் போய்விடுவாள். கணினியும் போனும் வீட்டில் தனியாக இருக்கும். கடையில் உட்கார்ந்து சாப்பிடுவதாகச் சொன்ன இனாயத்துல்லா, செவ்வாய்க்கிழமைகளில் டிபன் கேரியரோடு வீட்டுக்கு வந்துவிடுவார்.

ஒவ்வொரு முறையும் போன் கேட்கும், ரிஹானா, நுழைவது நீதானா? அவர் ‘ஆம்’ என்று அழுத்துவார்.

இந்தச் செவ்வாய் கணினியில் ஒரு கடிதம் வந்து நின்றது. ‘உங்கள் இணைப்பு இன்றோடு முடிகிறது. தொடர வேண்டுமானால் கடவுச்சொல்லை இங்கே தரவும்.’ அவர் பதறிப்போனார். மகளின் படிப்பு நின்றுவிடுமே என்று பதறியது பாதி. மீதிப் பாதி எதற்கென்று அவருக்கும் தெரியும், படைத்தவனுக்கும் தெரியும். சீட்டைப் பார்த்து ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினார். சற்று நேரத்தில் போன் அதிர்ந்தது. கேள்விக்குக் கீழே ஏதோ ஓர் ஊரின் பெயர் இருந்தது. அதற்குள் கண்ணாடியைக் கழற்றி வைத்திருந்தார். வழக்கம்போல் ஆம்.

*

“காலை வணக்கம், மோட்டார் டிபார்ட்மெண்டு வந்திருக்கு!” என்று சொல்லிக்கொண்டே அந்த நேரம் பார்த்து பவானி உள்ளே வந்தாள்.

ஐந்தாம் மாடிக்காரி. கணவன் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம். ஒரே மகன் மோகன் மலேசியாவில் ஏதோ தொழிற்சாலையில் இருக்கிறான். மூன்றாம் மாடி வீட்டின் இன்னொரு சாவி எப்போதும் அவள் இடுப்பில்தான். எந்த நேரம் கரண்டு வருமோ, வந்தால் யார் வீட்டில் இருப்பார்களோ. கீழே தண்ணீர் மோட்டாரைப் போட்டு, வீட்டுக்குள் தொட்டி நிறைவதைப் பார்க்க ஓர் ஆள் வேண்டுமே. அந்த உதவிக்குக் கைமாறாக ரிஹானா அவளைத் தன் கணினியில் உட்கார வைத்து மோகனைப் பார்த்துப் பேசப் பழக்கியிருந்தாள். “இந்த நீலப் பொத்தான் மட்டும்தான் பவானிம்மா. அந்தப் பச்சைப் பூட்டு என் படிப்புக்கு. அதைத் தொடக் கூடாது.”

“அக்கா, ஒம்பதுக்குக் கரண்டு வருதாம். நீங்க மார்க்கெட்டுக்குப் போறதுன்னா போங்க, நான் தண்ணி ஏத்திர்றேன்” என்றாள் பவானி.

“பவானிம்மா” என்றாள் ரிஹானா. “செவ்வாக்கிழமை மோகன்கிட்ட பேச வந்தீங்களா?”

“வந்தேனே பாப்பா.”

“எத்தனை மணிக்கு?”

“மணி யாரு பாத்தா? கரண்டு வந்த பொறவு வந்தேன். சாவி போட்டுக் கதவைத் தொறந்தேன்…” பவானி அங்கே நிறுத்திக்கொண்டாள்.

“போன் கிர்ருன்னுச்சா? ஏதாவது கேட்டுச்சா? ஆமான்னு தட்டினீங்களா?”

பவானி இனாயத்துல்லாவைப் பார்த்தாள். ஒரே ஒரு பார்வை. பிறகு தன் முந்தானை நுனியைப் பார்த்தாள்.

“தட்டியிருப்பேன் பாப்பா. எனக்கு என்ன எழவு தெரியுது? நானாத்தான் இருக்கும்.”

இனாயத்துல்லாவின் கையில் கரண்டி அப்படியே நின்றது.

செவ்வாய்க்கிழமை இரண்டு மணியிலிருந்து மூன்று மணிவரை அந்த நாற்காலியில் அவர்தான் இருந்தார். யாரும் உள்ளே வரவில்லை. குழந்தை தவழ்கிற படத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு, தோள் குலுங்க, மூக்கைச் சிந்திக்கொண்டு அவர் அழுத ஒரு நேரத்தில், பின்னால் கதவு மெல்ல அசைந்த மாதிரி இருந்தது. காற்று என்று நினைத்தார்.

காற்று இல்லை போலும். அவள் வந்திருக்கிறாள். பார்த்திருக்கிறாள். கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு, மகனோடு பேசாமலே மாடி ஏறியிருக்கிறாள்.

“எத்தனை தடவை சொன்னேன், அந்தப் பூட்டைத் தொடாதீங்கன்னு!” ரிஹானாவின் குரல் உடைந்தது. “ரெண்டு வருஷம் பவானிம்மா! தாகேதாவுல வீடு வீடா ஏறி, தண்ணி ட்ரம்மைத் தொறந்து கொசுப்புழு எண்ணியிருக்கேன். ‘கொசு சயாமா, கொசு டீச்சர் வந்துட்டா’ன்னு பிள்ளைக பின்னால ஓடி வரும். டீச்சருக்கு வேற வேலை இல்லையான்னு கேப்பாங்க. ரெண்டு வருஷத்தை ஒரு விரலால போக்கிட்டீங்களே!”

“ரிஹானா!” என்றாள் ரஹீமா.

“சாவியைக் கொடுத்துருங்க. என் படிப்பு முடியற வரைக்கும் போதும்.”

கதவு திறந்தே கிடந்தது. படிக்கட்டில் இறங்கிக்கொண்டிருந்த நான்காம் மாடிக்காரர்கள் நடையைக் குறைத்தார்கள்.

“யாபாடே, யாபாடே” என்று பவானி கையை ஆட்டினாள். பர்மாக்காரர்கள் எல்லாப் புண்ணுக்கும் பூசுகிற ‘பரவாயில்லை’ அது. “பிள்ளை பயந்து போயிருக்கு. திட்டாதீங்க அக்கா.” இடுப்பைத் தடவினாள். சாவி மேலே இருக்கிறது என்றோ என்னவோ முணுமுணுத்துவிட்டுப் போனாள்.

கொஞ்ச நேரத்தில் பால்கனிக்கு வெளியே ஐந்தாம் மாடிக் கயிறு இறங்கி வந்தது. எங்கள் தெருவில் எல்லா மாடியிலிருந்தும் இப்படி ஒரு கயிறு தொங்கும். நுனியில் ஒரு கிளிப்பு, மேல் முனையில் ஒரு மணி. பேப்பர்காரனும் காய்கறிக்காரியும் சாமானைக் கிளிப்பில் மாட்டி இழுத்தால் மேலே மணி அடிக்கும். இன்று அது மூன்றாம் மாடி உயரத்தில் வந்து நின்றது. கிளிப்பில் சாவி. நேரில் கொண்டுவந்து கொடுக்க அவளுக்கு முகமில்லை.

தன் முகத்தையும் சேர்த்து அவள் கொடுத்துவிட்டாள் என்று இனாயத்துல்லாவுக்கு மட்டும் தெரியும். ஒரு வாக்கியம் போதும். எழுந்து நின்று ‘நான்தான்’ என்றால் போதும். அவர் மொகிங்காவைக் குடித்து முடித்தார். சட்டையைப் போட்டுக்கொண்டார். கடைக்குப் போய்விட்டார்.

*

லத்தாவில் அவருடைய நூல், பொத்தான் கடைக்குப் பக்கத்தில் பர்கத்துல்லாவின் குடைக்கடை. குடை விற்கிற நேரத்தைவிட வாய் பேசுகிற நேரம் அதிகம். அன்று தாகேதாவிலிருந்து ஒரு தையற்கார அம்மாள் வந்து வெள்ளைப் பொத்தான் கேட்டாள். இனாயத்துல்லா கறுப்பை எடுத்து வைத்தார். மாற்றச் சொன்னாள். பழுப்பை வைத்தார்.

“தாகேதாவா? இவரு மக அங்கதானே பாடம் சொல்லுறா” என்று பர்கத்துல்லா நடுவில் நுழைந்தார். “சின்ன வயசுல என்ன கேட்டா தெரியுமா அந்தப் பொண்ணு?” என்று தொடங்கிவிட்டார். அலமாரி, பேரீச்சம்பழம், நோன்பு. அந்த அம்மாள் பொத்தானை மறந்து சிரித்தாள்.

“நல்ல கேள்வி! நீங்க என்ன பதில் சொன்னீங்க?” என்று அவள் இனாயத்துல்லாவிடம் கேட்டாள்.

இருபது வருஷத்தில் யாரும் அதைக் கேட்டதில்லை.

“பதிலா?” என்றார் இனாயத்துல்லா. “பதிலே சொல்லலம்மா. சிரிச்சேன்.”

“அட, இந்தக் கதையில இது எனக்கே தெரியாதே” என்றார் பர்கத்துல்லா. “ஏன் ஓய், மூஞ்சி ஏன் இப்படிக் கிடக்கு? மகளுக்குப் பரீட்சையா? துவா செய்யச் சொல்லணுமா?”

“செய்யும். எனக்கும் சேத்துச் செய்யும்.”

மத்தியான லுஹர் தொழுகைக்கு நின்றபோது அவருக்கு ஓதுவது தடுமாறியது. ‘நுழைவது நீதானா?’ என்று யாரோ நெஞ்சுக்கு நேராகக் கேட்கிற மாதிரி இருந்தது. பதினோரு செவ்வாய்க்கிழமைகள். பதினோரு பொய்ச் சாட்சி. பொய்ச் சாட்சி பெரும்பாவம் என்று ஊருக்கெல்லாம் சொல்கிற வாய் அவருடையது. விரலால் சொன்னால் வாய்க்குத் தெரியாது என்று நினைத்தாரா?

கதவைச் சாத்திக்கொண்டு தின்றால் நோன்புக்கு எப்படித் தெரியும்?

அப்போதுதான் அவருக்கு ஒன்று உறைத்தது. அந்தக் குழந்தை ஏன் வந்து கேட்டாள்? யாரும் பார்க்கவில்லை. வாயைத் துடைத்தாயிற்று. பேசாமல் இருந்திருக்கலாம். அவளால் முடியவில்லை. வந்து கேட்டதே ஒப்புக்கொண்டதுதான். ஆறு வயதுப் பிள்ளைக்குப் பத்து நிமிஷம் தாங்கவில்லை. அறுபத்தோரு வயது மனுஷன், வேறொருத்தி பழியைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறுவதைப் பார்த்துக்கொண்டு கிண்ணத்தை வழித்துக் குடித்திருக்கிறார்.

சலாம் கொடுத்துவிட்டு எழுந்தவர் கடைக்குத் திரும்பவில்லை. வீட்டுக்கு நடந்தார்.

*

ரிஹானா அன்று பாடம் சொல்லப் போகவில்லை. கணினியின் முன் உட்கார்ந்து, வராத பச்சைப் பூட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரஹீமா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“பவானி இல்ல” என்றார் இனாயத்துல்லா. செருப்பைக்கூடக் கழற்றவில்லை. “நான்தான்.”

“என்னது?”

“செவ்வாக்கிழமை நான் வீட்டுக்கு வந்தேன். போன செவ்வா மட்டும் இல்ல, மூணு மாசமா வாறேன். ஒன் போன் கேக்கும். நான் ஆமான்னு அழுத்துவேன். அன்னிக்கு ஒரு கடுதாசி பாஸ்வேர்டு கேட்டுச்சு, அதையும் கொடுத்தேன். பொறவு போன் கேட்டுச்சு. அதுக்கும் ஆமான்னுட்டேன்.”

ரிஹானா எழுந்து நின்றாள். “எதுக்கு அத்தா? ஒங்களுக்கு வி.பி.என். எதுக்கு?”

அந்தக் கேள்விதான் அவரைக் காலையிலிருந்து ஊமையாக்கியது. திருட்டைவிட இதைச் சொல்வதற்குத்தான் கூசியது.

“வாஜிதைப் பாக்க” என்றார்.

இரண்டு வருஷத்துக்குப் பிறகு அந்தப் பெயர் அந்த வீட்டில் விழுந்தது. ரஹீமாவின் மடியிலிருந்து கீரைக்கட்டு சரிந்தது.

“என் பேரைச் சொல்லி நுழைஞ்சிருக்கீங்க” என்றாள் ரிஹானா மெதுவாக. “நான் காலையில கேட்டப்ப இங்கதானே இருந்தீங்க? பவானிம்மாவை நான் அப்படிக் கேட்டப்ப இங்கதானே சாப்பிட்டுக்கிட்டு இருந்தீங்க?”

“ஆமா.”

“எப்படி அத்தா முழுங்குச்சு?”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். மகள் கேட்கிற கேள்விகளுக்குப் பதில் இல்லாமல் நிற்பது அவருக்கு இது இரண்டாம் முறை.

ரஹீமா திடீரென்று சிரித்தாள். சிரித்தாளா, அழுதாளா என்று சொல்வது கஷ்டம். “யா அல்லாஹ், இந்த மனுஷனைப் பாரு. இவருக்குப் பயந்துக்கிட்டு நான் எட்டு மாசமா ஓதப் போற சாக்குல மஜ்லிசு பொம்பளைங்க போன்ல பிள்ளையைப் பாக்குறேன். இவரு நடுவீட்டுல உக்காந்து பாத்திருக்காரு. ஒரு பிள்ளையைப் பாக்க ஒரு வீட்டுல ரெண்டு திருட்டு!”

“மூக்கு எங்கம்மா மூக்கு” என்றார் இனாயத்துல்லா.

“தெரியும். மூக்கு மட்டும்தான் ஒங்க பக்கம். மத்ததெல்லாம் என் பக்கம்.”

ரிஹானா மட்டும் சிரிக்கவில்லை. “சீட்டை ஒட்டி வச்சது நான்” என்றாள். “கடவுச்சொல்லை எழுதி வைக்கக் கூடாதுன்னு முதல் நாளே சொல்லிக் கொடுத்தாங்க. அதை மறைச்சுட்டு பவானிம்மாவைத் திட்டினேன். ஆமே மாதிரி, இன்னொரு அம்மா மாதிரி இருந்தவங்க. சாவியைக் கேட்டேன்.” கையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

“அவ யாரு தெரியுமா ஒனக்கு?” என்றாள் ரஹீமா கீரையைப் பொறுக்கிக்கொண்டே. “கரண்டு வந்தா எல்லா வீட்டு மோட்டாரும் ஒரே குழாயிலதான் இழுக்குது. முதல்ல போடுறவங்களுக்குத்தான் தண்ணி. அவ கீழ இறங்கினா முதல்ல நம்ம மோட்டாரைப் போடுவா, பொறவுதான் தன்னோடது. பல நாளு அவளுக்குப் பாதித் தொட்டிதான். நான் கேட்டதுக்கு, நான் ஒத்த ஆளு அக்கா, எனக்கு எதுக்கு இம்புட்டுத் தண்ணின்னா.”

ரிஹானா முகத்திலிருந்து கையை எடுத்தாள்.

பிறகு அப்பாவும் மகளும் உட்கார்ந்து பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதினார்கள். அவர் தமிழில் சொன்னார், அவள் ஆங்கிலத்தில் தட்டினாள். ஓர் இடத்தில் அவள் நிறுத்தினாள்.

“போன் காணாமப் போச்சுன்னு எழுதினா விட்டுருவாங்க அத்தா. அக்கவுண்டை ஒங்ககிட்ட கொடுத்தேன்னு எழுதினா, அது என் தப்பாயிரும். பேரு அடிபடும்.”

அவளுடைய இரண்டு வருஷம் அந்த ஒரு வரியில் தொங்கியது. இனாயத்துல்லா நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டார்.

“ஒம் படிப்பு, நீதான் முடிவு பண்ணணும். ஆனா என் பங்கை உள்ளது உள்ளபடி எழுதிரு. திருட்டுத்தனமா நான் நுழைஞ்சேன்னு எழுது. ஒனக்குத் தெரியாதுன்னும் எழுது. அது நெசம்தானே.”

ரிஹானா மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிறகு எழுதினாள். சீட்டை ஒட்டி வைத்ததையும் எழுதினாள். அனுப்பிவிட்டு, கணினியின் அடியிலிருந்த சீட்டைக் கிழித்து வாயில் போட்டு மென்றுவிட்டாள். ரஹீமா, “பசிச்சா சோறு இருக்கு” என்றாள்.

“இன்னொண்ணு அத்தா.” ரிஹானா போனை அவர் பக்கம் திருப்பினாள். “செவ்வாக்கிழமை பிள்ளை படத்துல ஒங்க விரல் பட்டு, என் பேருல ஒரு இதயம் விழுந்திருக்கு. நான் அண்ணன் படத்துக்கு எதுவும் போடறதில்ல, ஒங்களுக்குப் பயந்து. அவன் மெயில்ல எழுதியிருக்கான், பாருங்க.”

ஒரே ஒரு வரி. ‘ரிஹானா, நுழைஞ்சது நீதானா, இல்ல அத்தாவா?’

“இதுக்கு நான் பதில் எழுத மாட்டேன்” என்று சொல்லிப் போனை மேஜைமேல் வைத்தாள். “மேல போயி பவானிம்மா காலைப் பிடிக்கணும் எனக்கு.”

ஐந்தாம் மாடிக் கதவு தட்டத் தட்டத் திறக்கவில்லை. தங்கச்சி வீட்டுக்கு, ஆற்றுக்கு அக்கரையில் டாலாவுக்குப் படகேறிப் போயிருக்கிறாள், கடைசிப் படகில் வருவாள் என்று நான்காம் மாடிக்காரர்கள் சொன்னார்கள். சொல்லும்போது அவர்கள் பார்வையில் ஒரு சுவாரசியம் இருந்தது. இனாயத்துல்லா படிக்கட்டிலேயே நின்று, “காலையில நீங்க கேட்டது தப்பு. அதைச் செஞ்சது நான்” என்றார். காது வரைக்கும் சுட்டது. சொல்லிவிட்டு இறங்கினார். இறங்க இறங்கக் கால் லேசாக இருந்தது.

*

வெள்ளிக்கிழமை விடிகாலை. பஜ்ர் தொழுகைக்கு எழுந்தபோது வீடு இருட்டாக இருந்தது. அவர் கை கால் முகம் கழுவி ஒளுச் செய்துவிட்டு, கொக்கியில் தொங்கிய சாவியை எடுத்துக்கொண்டார். அதன் வளையம் எப்போதோ நெளிந்து போயிருந்தது. கடையிலிருந்து கொண்டுவந்திருந்த கெட்டிப் பச்சை நூலை நான்காக மடித்து, அதில் சாவியைக் கோத்து முடிச்சுப் போட்டார்.

கீழ்த்தளத்து நடையில் மோட்டார்கள் வரிசையாக இருந்தன. சுவரில் சாக்கட்டியால் மாடி எண்கள். அவர் டார்ச்சை அணைத்துவிட்டுக் காத்திருந்தார்.

ஐந்து மணிக்குக் கரண்டு வந்தது. “மீ லாப்யீ!”, கரண்டு வந்தாச்சு என்று எதிர்க் கட்டடத்தில் ஏதோ ஒரு குழந்தை தூக்கத்திலிருந்து கூவியது. இன்னும் பத்து நிமிஷத்தில் எல்லோரும் இறங்கி வருவார்கள். அதற்குள் தெருக்குழாய்த் தண்ணீர் யாருக்கு என்று தீர்மானமாகிவிடும்.

மூன்றாம் மாடி மோட்டார் அவர் கைக்கருகில்தான் இருந்தது. அதைத் தாண்டிப் போனார். ஐந்தாம் எண் மோட்டார் பழசு. காற்றிழுக்கும். மூடியைத் திறந்து ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றினார். சுவிட்சைப் போட்டார். அது இருமியது, கனைத்தது, பிறகு சீராக இரைந்தது. குழாயில் கை வைத்துப் பார்த்தார். தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.

ஜமாத்துத் தொழுகைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. அவர் அசையவில்லை. மேலே ஐந்தாம் மாடித் தொட்டி நிறைந்து, வழிகிற குழாயிலிருந்து நாலு சொட்டு தெருவில் விழுகிறவரை நின்றார். அதன் பிறகுதான் மோட்டாரை அணைத்தார்.

வெளியே ஐந்தாம் மாடிக் கயிறு அசையாமல் தொங்கியது. கிளிப்பை விரித்துச் சாவியைப் பச்சை நூலோடு மாட்டினார். கயிற்றை இழுத்தால் மேலே மணி அடிக்கும். பவானி எட்டிப் பார்ப்பாள். “யார் அது?” என்பாள். அவள் சொல்லாமல் செய்ததைப் போல இதுவும் சொல்லாமலே இருக்கட்டும்.

அவர் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்து, ஆட்டம் நிற்கிறவரை வைத்திருந்து, பிறகு ஒவ்வொரு விரலாக விட்டார். மணி அடிக்கவில்லை.